பழைய ஆல்-இன்-ஒன் கணினியின் ஸ்பீக்கர் இரைச்சல்: வீட்டிலேயே எவ்வளவு தூரம் சரிசெய்யலாம்?

வாசகர் கேள்வி: 12 நவம்பர் 2016, காலை 10.20

சிங்கப்பூரின் தெம்பனிஸில் உள்ள எங்கள் வீட்டில், திரைக்குப் பின்னாலேயே கணினியும் ஸ்பீக்கர்களும் அடங்கிய ஆல்-இன்-ஒன் ஒன்று இருக்கிறது. 2008-இல் வாங்கியது. சில மாதங்களாக ஸ்பீக்கரிலிருந்து இடைவிடாத இரைச்சல் வருகிறது. இடையிடையே 'டட்-டட்-டட்' என்ற சத்தமும் கேட்கிறது. கடையில் காட்டியபோது, தாய்ப்பலகையை (மதர்போர்டை) மாற்ற வேண்டும், அதற்குப் புதுக் கணினியே வாங்கிவிடலாம் என்றார்கள். மின்கம்பியில் ஒரு ஃபெரைட் வளையத்தை (இரைச்சல் அலைகளைத் தடுக்கும் காந்தப் பீங்கான் வளையம்) மாட்டினால் எல்லா இரைச்சலும் போய்விடும் என்று என் மைத்துனர் உறுதியாகச் சொல்கிறார். அது உண்மையா?

பதில்: 12 நவம்பர் 2016, இரவு 9.45

ஏறக்குறைய அதே வயதுள்ள கணினி ஒன்று ஈசூனில் எங்கள் வீட்டு வரவேற்பறையில் இருக்கிறது. அதே நோயும் அதற்கு இருக்கிறது. என் மனைவி வீட்டில் தமிழ்த் துணைப்பாட வகுப்பு நடத்துகிறார். தொடக்கநிலை ஐந்து, ஆறு படிக்கும் பிள்ளைகளுக்குக் கேட்டல் கருத்தறிதல் பயிற்சிப் பதிவுகளை அந்தக் கணினியில்தான் ஒலிக்கவிடுகிறார். பதிவில் 'வாளை' என்று வந்ததை இரண்டு பிள்ளைகள் 'வாழை' என்று எழுதிய அன்று, அவர் என்னை அழைத்துப் பக்கத்தில் உட்கார வைத்து மீண்டும் மீண்டும் கேட்கச் சொன்னார். பிள்ளைகள் மீது தவறில்லை. ளகரத்தையும் ழகரத்தையும் பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலிப்பகுதியின் மேல் இரைச்சல் ஒரு படலமாகப் படிந்திருந்தது. ஆகவே இந்த விவகாரத்தைச் சின்னத் தொந்தரவாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஃபெரைட் வளையத்தைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். அதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அறையில் மின்விசிறியையும் குளிர்சாதனத்தையும் நிறுத்திவிட்டு, எந்தப் பாட்டும் ஓடாதபோது ஸ்பீக்கரின் அருகே காதை வைத்துக் கேளுங்கள். ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும்போது இரைச்சலும் கூடிக் குறைகிறதா, அல்லது ஒலியளவைச் சுழியத்துக்குக் கொண்டுவந்த பிறகும் அப்படியே இருக்கிறதா என்று கவனியுங்கள். கூடிக் குறைந்தால், ஒலியளவைக் கட்டுப்படுத்தும் இடத்துக்கு முன்னாலேயே இரைச்சல் நுழைந்துவிட்டது என்று பொருள். அசையாமல் இருந்தால், அது அந்த இடத்துக்குப் பின்னால், ஆம்ப்ளிஃபையரிலோ அதற்கு மின்சாரம் தரும் பகுதியிலோ நுழைகிறது. இந்த ஒரு சோதனைக்குக் காசு செலவில்லை, ஆணியும் கழற்ற வேண்டியதில்லை.

13 நவம்பர் 2016, காலை 7.30

'டட்-டட்-டட்' பற்றி மட்டும் இப்போது. அது உங்கள் கைத்தொலைபேசியின் வேலை. அழைப்பு மணி ஒலிப்பதற்கு ஓரிரு வினாடிகளுக்கு முன்பே அந்தச் சத்தம் வருவதை நீங்களே கவனித்திருப்பீர்கள்.

2ஜி (இரண்டாம் தலைமுறை) தொலைபேசி தொடர்ச்சியாக அலைகளை அனுப்புவதில்லை. ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் பகிர்ந்துகொள்வதற்காக நேரத்தை எட்டுத் துண்டுகளாக்கி, தனக்குரிய துண்டில் மட்டும் அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. ஒரு சுற்று 4.615 மில்லிவினாடி, அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 217 முறை அது 'உண்டு, இல்லை, உண்டு, இல்லை' என்று மாறுகிறது. 900 மெகாஹெர்ட்ஸ் அலை நம் காதுக்கு எட்டாது. ஆனால் அது ஸ்பீக்கர் கம்பியையோ ஆம்ப்ளிஃபையரின் உள்ளீட்டுத் தடத்தையோ ஏரியலாகப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழையும்போது, அங்குள்ள டிரான்சிஸ்டரின் சந்தி அதை நேர்திசைப்படுத்தி (ஒரே திசையில் மட்டும் பாயவிட்டு), அந்த 217 ஹெர்ட்ஸ் துடிப்பை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பெருக்கிவிடுகிறது. பழைய வானொலிப் பெட்டி அலையிலிருந்து பாட்டைப் பிரித்தெடுத்ததும் இதே வழியில்தான். 900 மெகாஹெர்ட்ஸில் 2ஜி தொலைபேசியின் உச்ச ஆற்றல் 2 வாட். தொடர்பு ஏற்படும் முதல் கணத்தில் அது உரக்கக் கூப்பிடும் என்பதால்தான் மணிக்கு முன்னதாகவே ஸ்பீக்கர் முந்திக்கொள்கிறது.

தொலைபேசியை ஒன்றரை மீட்டர் தள்ளி வையுங்கள். தூரம் இரட்டிப்பானால் வந்து சேரும் ஆற்றல் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். இதைவிட மலிவான பரிகாரம் எனக்குத் தெரியாது.

20 நவம்பர் 2016, மாலை 4.10

நேற்று ஜாலான் புசார் பக்கம் சிம் லிம் டவருக்குப் போய் வந்தேன். சனிக்கிழமை போனது நல்லதாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே பல கடைகள் மூடியிருக்கும். கிளிப் போல மூடிக்கொள்ளும் ஃபெரைட் உருளைகள் நான்கும், செம்பு நாடா ஒரு சுருளும், வெப்பத்தில் சுருங்கும் குழாயும் வாங்கினேன்.

இரண்டு உருளைகளை மின்கம்பியிலும், ஒன்றை யுஎஸ்பி கம்பியிலும், இன்னொன்றை வெளி ஸ்பீக்கர் கம்பியிலும் மாட்டினேன். கம்பியை வளையத்துக்குள் ஒருமுறை நுழைப்பதற்கும் மூன்று சுற்றுச் சுற்றுவதற்கும் பெரிய வேறுபாடு உண்டு. அதன் தடுப்பு, சுற்றுகளின் எண்ணிக்கையின் வர்க்கத்தைப் போல உயர்கிறது. மூன்று சுற்றுக்கு ஒன்பது மடங்கு. ஆகவே கம்பி இடம் கொடுக்கும் மட்டும் சுற்றுங்கள்.

மாட்டிய பிறகு இரைச்சல் கணிசமாகக் குறைந்தது. உங்கள் மைத்துனர் சொன்னது சரி என்றே தோன்றுகிறது.

21 நவம்பர் 2016, இரவு 10.05

நேற்று எழுதியதைத் திருத்த வேண்டியிருக்கிறது. 'கணிசமாகக் குறைந்தது' என்று நான் எழுதியபோது என் மகளின் கைத்தொலைபேசி மேசையில் இல்லை. அவள் வெளியே போயிருந்தாள். இன்று அவள் வந்து அதே இடத்தில் அதை வைத்ததும் 'டட்-டட்-டட்' திரும்ப வந்தது. முன்பைவிடச் சற்று மங்கலாக இருந்தது, அவ்வளவுதான். தொடர்ச்சியாக வரும் உறுமலோ துளியும் குறையவில்லை.

குறையாததற்குக் காரணம் யோசித்தால் தெளிவாகவே தெரிகிறது. இந்த வளையங்கள் சில மெகாஹெர்ட்ஸ் முதல் சில நூறு மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள அலைகளைத் தடுப்பதற்காகச் செய்யப்பட்டவை. நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். 50 ஹெர்ட்ஸ் உறுமலுக்கு ஃபெரைட் உருளையும் வெறும் பிளாஸ்டிக் உருளையும் ஒன்றுதான். வளையம் வெளிக்கம்பியில் இருக்க, என் கணினியின் ஸ்பீக்கர் கம்பியோ பெட்டிக்குள் இருக்கிறது. தொலைபேசி அலை பிளாஸ்டிக் உறையைத் தாண்டி நேராக அதற்குள் போய்விடுகிறது.

ஒரு மாற்றம் செய்துவிட்டு உடனே தீர்ப்பு எழுதியதுதான் என் தவறு. இனி ஒவ்வொன்றையும் மாட்டியும் கழற்றியும் இரண்டு முறை கேட்ட பிறகே இங்கே எழுதுவேன்.

27 நவம்பர் 2016, காலை 11.00

தெம்பனிஸ் நண்பர் எழுதியிருக்கிறார்: ஒலியளவைக் குறைத்தால் அவருடைய இரைச்சலும் குறைகிறதாம், சுட்டியை நகர்த்தும்போதும் பக்கத்தை மேலும் கீழும் உருட்டும்போதும் 'கிர்ர்ர்' என்று ஒலி மாறுகிறதாம். அருமையான கவனிப்பு. இது வெளியிலிருந்து வருவதல்ல. கணினியின் செயலி (புராசசர்) வேலை செய்யும்போது அது இழுக்கும் மின்னோட்டம் ஏறி இறங்குகிறது. அந்த ஏற்ற இறக்கம் ஒலிப்பகுதியோடு பகிர்ந்துகொள்ளும் தரைத்தடத்தில் (மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொதுத் தடம்) சிறு மின்னழுத்தமாக மாறி ஒலியில் கலக்கிறது.

ஐயா, ஒலி அமைப்புகளைத் திறந்து, நீங்கள் பயன்படுத்தாத உள்ளீடுகள் அனைத்தையும் மௌனமாக்குங்கள். ஒலிவாங்கி, லைன் உள்ளீடு, பழைய இயந்திரமென்றால் குறுவட்டு ஒலி ஆகிய எல்லாவற்றையும் பாருங்கள். குறிப்பாக 'ஒலிவாங்கி ஊக்கம்' (மைக் பூஸ்ட்) என்று ஒரு கட்டம் இருக்கும். 20 டெசிபல் என்றால் மின்னழுத்தத்தைப் பத்து மடங்காகப் பெருக்குகிறது என்று பொருள். ஒன்றும் செருகப்படாத ஒரு துளையின் குப்பையைப் பத்து மடங்காக்கி ஸ்பீக்கருக்கு அனுப்பிக்கொண்டிருப்பதற்கு எந்தத் தேவையும் இல்லை.

28 நவம்பர் 2016, இரவு 8.20

நண்பரின் இரைச்சலில் பெரும்பகுதி போய்விட்டது. ஒலிவாங்கி ஊக்கம் முழுவதுமாக ஏற்றப்பட்டிருந்ததாம். அவருடைய மகன் எப்போதோ காணொளி அழைப்புக்காக ஏற்றியது. தாய்ப்பலகையை மாற்றச் சொன்ன இடத்தில் ஒரு கட்டத்தைச் சொடுக்கியதோடு முடிந்தது. இதைக் கேட்டதும் எனக்கு உண்டான மகிழ்ச்சி கொஞ்சமல்ல.

என் கணினியில் அதையும் செய்து பார்த்தேன். மாற்றமில்லை.

4 டிசம்பர் 2016, பிற்பகல் 3.40

இன்று ஒரு முன்னேற்றம். என் கணினியில் இரண்டு ஒலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பதை இதுவரை ஒன்றென்றே எண்ணியிருந்தேன். அடியில் ஒரு கனமான உறுமல். அதன்மேல் கொசு பறப்பதைப் போன்ற கூர்மையான ரீங்காரம். மனைவி கண் கூசுகிறதென்று திரையின் வெளிச்சத்தைக் குறைத்தபோது ரீங்காரம் கூடியது. வெளிச்சத்தை முழுவதுமாக ஏற்றியதும் அது அடியோடு நின்றுவிட்டது. பத்து முறை ஏற்றி இறக்கிப் பார்த்தேன். பத்து முறையும் அப்படியே.

அக்காலத்துப் பெரும்பாலான தட்டைத் திரைகளுக்குப் பின்னால் எல்இடி விளக்குகள் கிடையாது. பென்சிலைவிட மெல்லிய குழல்விளக்குகள்தாம் இருந்தன. அவற்றை எரிய வைக்க இன்வெர்ட்டர் என்ற ஒரு சிறு பலகை, சில பத்து கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் பல நூறு வோல்ட்டை உருவாக்குகிறது. அந்த வேகம் காதுக்கு எட்டாது. ஆனால் வெளிச்சத்தைக் குறைப்பதற்காகப் பல பலகைகள் விளக்கை வினாடிக்குச் சில நூறு முறை அணைத்து அணைத்து ஏற்றுகின்றன. கண் அதை மங்கலான வெளிச்சமாகக் காண்கிறது, காது அதை ரீங்காரமாகக் கேட்கிறது. முழு வெளிச்சத்தில் அணைப்பதே இல்லையாகையால் ரீங்காரமும் இல்லை. தொலைபேசியின் 217 துடிப்பும் இதுவும் பிறப்பில் வேறு, ஆனால் காதில் ஏறும் விதம் ஒன்றேதான் என்பதை நினைக்க வியப்பாக இருக்கிறது.

இதற்கு எளிய வழி: வெளிச்சத்தை முழுமையாக வைத்துக்கொண்டு, திரையின் நிறஅமைப்பில் மென்பொருள் வழியாக மங்கலாக்குவது. கண் கூச்சமும் தீர்ந்தது, ரீங்காரமும் தீர்ந்தது. கொஞ்சம் மின்சாரம் கூடுதலாகும். குழல்விளக்கும் சற்று விரைவில் தேயும். வகுப்பு நடக்கும் இரண்டு மணிநேரத்துக்கு மட்டும் அப்படி வைத்துக்கொள்கிறோம்.

5 டிசம்பர் 2016, காலை 6.50

ஜூரோங் வெஸ்ட் வாசகர் ஒருவர், தரைக்கம்பி வழியாக வரும் உறுமலை நிறுத்த, மூன்று முனைச் செருகியில் தரை முனையைத் துண்டித்துவிட்டால் போதுமென்று எழுதியிருக்கிறார். அதைச் செய்யவே செய்யாதீர்கள். உறுமல் நிற்கலாம். ஆனால் உள்ளே காப்பு ஒன்று பழுதானால் கணினியின் உலோகப் பகுதி 230 வோல்ட்டில் நிற்கும். அதை முதலில் தொடப்போவது எங்கள் வீட்டில் பத்து வயதுப் பிள்ளை. இருமுனை மாற்றி ஒன்றை இடையில் செருகித் தரையைத் தவிர்ப்பதும் இதே தவறுதான். உறுமலோடு நூறாண்டு வாழலாம்.

26 டிசம்பர் 2016, இரவு 11.15

பள்ளி விடுமுறை, வகுப்பும் இல்லை. இன்று காலை பத்து மணிக்குக் கணினியைப் பிரித்தேன். சாப்பாட்டு மேசை முழுவதும் மாலை வரை என் கைவசம் இருந்தது.

முதலில் எச்சரிக்கை. செருகியைப் பிடுங்கி அரைமணிநேரம் காத்திருந்தேன். அப்படியிருந்தும் மின்வழங்கிப் பலகையை நான் தொடவில்லை. 230 வோல்ட் நேர்திசையானதும் ஏறக்குறைய 325 வோல்ட்டாகி அங்குள்ள பெரிய மின்தேக்கியில் தங்குகிறது. செருகியைப் பிடுங்கினாலும் அது உடனே போய்விடும் என்று நம்பக் கூடாது. இன்வெர்ட்டரின் பக்கமும் விரலைக் கொண்டுபோகவில்லை. ஒவ்வோர் ஆணியையும் கழற்றியபோது, அது இருந்த இடத்தைக் கையால் வரைந்த படத்தில் குறித்து, அந்தத் தாளிலேயே நாடாவால் ஒட்டிவைத்தேன். இல்லாவிட்டால் முப்பத்தோரு ஆணிகளை நினைவில் வைத்திருக்க என்னால் முடியாது.

உள்ளே பார்த்ததும் பாதிக் காரணம் கண்ணில்பட்டது. இடதுபுற ஸ்பீக்கரின் இரண்டு கம்பிகளும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி, கைப்பிடி அளவு வளையமாகத் தொங்கிக்கொண்டு, இன்வெர்ட்டர் பலகையை உரசிச் சென்றன. விலகிய இரண்டு கம்பிகளுக்கு நடுவிலுள்ள பரப்பு எவ்வளவு பெரியதோ, அவ்வளவு காந்தப்புலத்தை அது பிடிக்கும். அவற்றை ஒன்றோடொன்று முறுக்கினேன். ஓர் அங்குலத்துக்கு மூன்று முறுக்கு. முறுக்கியபின் அடுத்தடுத்த சிறு வளையங்களில் தூண்டப்படும் மின்னழுத்தங்கள் எதிரெதிர்த் திசையில் இருந்து ஒன்றையொன்று கழித்துவிடும். பிறகு கம்பியை இன்வெர்ட்டரிலிருந்து விலக்கிச் சட்டத்தின் மறுபக்கமாகக் கொண்டுசென்று, மின்கம்பியைக் கடக்க வேண்டிய இடத்தில் குறுக்காகக் கடக்கவிட்டேன். நீளவாக்கில் ஒட்டிச் சென்றால் இரைச்சல் ஏறும்; குறுக்கே போனால் மிகக் குறைவு.

இரண்டாவது, ஒலிப்பலகையை உலோகச் சட்டத்தோடு இணைக்கும் தரை ஆணி. அதன் தலைக்கடியில் பச்சை படிந்திருந்தது. நம் ஊரின் ஈரப்பதம் செம்பையும் பித்தளையையும் விட்டுவைப்பதில்லை. சன்னலைத் திறந்துவைத்த வீட்டில் எட்டு ஆண்டுகள் என்றால் கேட்க வேண்டியதில்லை. நுண்ணிய மணல்தாளால் தேய்த்து, ஆல்கஹாலால் துடைத்து, பல்விளிம்பு வாஷர் ஒன்றை இடையில் வைத்து இறுக்கினேன்.

மூன்றாவது, செம்பு நாடா. ஆம்ப்ளிஃபையர் பகுதியை மூடியிருந்த பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் ஒட்டி, அதன் ஒரு முனையைச் சட்டத்தோடு இணைத்தேன். தரையோடு சேராமல் அந்தரத்தில் நிற்கும் நாடாவால் பயனில்லை. சில வேளைகளில் அதுவே ஏரியலாகிவிடும். சமையலறை அலுமினியத் தாளை மட்டும் யாரும் உள்ளே வைக்க வேண்டாம்; ஒரு துண்டு கிழிந்து பலகையின் மேல் விழுந்தால் அன்றோடு கணினி முடிந்தது.

மூடி இயக்கினேன். வெளிச்சத்தைப் பாதியாகக் குறைத்தும் ரீங்காரம் கேட்கவில்லை. தொலைபேசியின் 'டட்-டட்' மிகவும் மங்கிவிட்டது. அடியில் இருந்த உறுமல் மட்டும் அப்படியே இருக்கிறது.

27 டிசம்பர் 2016, காலை 8.00

மூன்றையும் ஒரே நாளில் செய்துவிட்டதால் எது எவ்வளவு உதவியது என்று சொல்ல முடியவில்லை. நவம்பர் 21-இல் நானே எழுதிய விதியை மீறியிருக்கிறேன். முறுக்கியதுதான் முக்கியம் என்று என் மனம் சொல்கிறது, சான்று இல்லை.

15 ஜனவரி 2017, மாலை 6.30

பொங்கலுக்கு வந்த உறவினர் ஒருவர், கண்ணாடிக் குழாய்த் திரையுள்ள 1998-ஆம் ஆண்டுக் காலத்து ஆல்-இன்-ஒன் ஒன்றை இன்னும் வைத்திருப்பதாகவும், அதையும் பிரிக்கலாமா என்றும் கேட்டார். வேண்டாம் என்றேன். அந்தக் குழாயின் நேர்முனை இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏறுவது; அணைத்த பிறகும் கண்ணாடியே மின்தேக்கியாக இருந்து அதைப் பிடித்துவைக்கும். அந்த வகை இயந்திரத்தில் ஸ்பீக்கரும் திரையைக் கெடுக்கலாம்: வெளி ஸ்பீக்கரைப் பக்கத்தில் வைத்தால் அதன் காந்தம் எலக்ட்ரான் கற்றையை வளைத்துத் திரையின் ஓரத்தில் ஊதாவும் பச்சையுமாகக் கறை படியும். ஸ்பீக்கரைத் தள்ளிவைத்துவிட்டு, காந்தநீக்கப் பொத்தான் இருந்தால் ஒருமுறை அழுத்தினால் போதும்.

23 ஏப்ரல் 2017, இரவு 9.00

சிங்கப்பூரில் 2ஜி சேவைக்கு இந்த மாதம் விடைகொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் அதைப் பற்றி முதலில் தெரிந்துகொண்டது அந்த ஸ்பீக்கர்தான். மகளின் தொலைபேசியைக் கணினியின் மேலேயே வைத்து, என் தொலைபேசியிலிருந்து ஆறு முறை அழைத்தேன். ஒரு 'டட்' கூட இல்லை.

3ஜி தொலைபேசி பேசும்போது நேரத்தைத் துண்டுபோடாமல் தொடர்ச்சியாக அனுப்புகிறது. ஆற்றலும் பெரும்பாலும் கால் வாட்டுக்குள் அடங்கிவிடுகிறது. பிரித்தெடுக்கத் துடிப்பே இல்லாதபோது டிரான்சிஸ்டர் எதைப் பிரித்தெடுக்கும்?

சான்றுக்காக ஃபெரைட் உருளைகள் நான்கையும் கழற்றிவிட்டுக் கேட்டேன். வேறுபாடில்லை. திரும்ப மாட்டவும் இல்லை. ஊருக்குப் போகிறவர்கள் கவனத்துக்கு: தமிழ்நாட்டில் 2ஜி இன்னும் இயங்குகிறது, கணினியை அங்கே கொண்டுபோனால் பழைய சத்தம் திரும்ப வரலாம்.

9 ஜூலை 2017, மாலை 5.20

சுங்கை ரோடு பழைய பொருள் சந்தைக்கு நாளை கடைசி நாள். காலையில் போய்விட்டு வந்தேன். நடக்க இடமில்லாத கூட்டம். பள்ளி நாட்களில் டிரான்சிஸ்டர் வானொலி ஒன்றை முதன்முதலில் பிரித்துப் பார்ப்பதற்காக வாங்கிய இடம் அது என்பதால், வாங்க ஒன்றுமில்லாவிட்டாலும் போயிருப்பேன். ஆனால் ஒரு பொருள் கிடைத்தது: கார் ஒலிப்பெட்டிகளுக்கான தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர், இரண்டு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்).

அதன் தேவை இதுதான். கேட்டல் பயிற்சியைப் பெரிய திரையில் காட்டுவதற்காக மனைவி கணினியின் ஒலியைத் தொலைக்காட்சியோடு இணைக்கும்போது, உறுமல் பல மடங்காகிவிடும். கணினிக்குச் செருகி வழியாக ஒரு தரை. தொலைக்காட்சிக்குக் கூரை ஏரியல் கம்பியின் உறை வழியாக இன்னொரு தரை. இரண்டுக்கும் இடையிலுள்ள சிறு மின்னழுத்த வேறுபாடு ஒலிக்கம்பியின் உறையில் ஓட்டமாகப் பாய்கிறது. ஏரியல் கம்பியைப் பிடுங்கியதும் உறுமல் நின்றது. காரணம் அதுதான் என்பது உறுதியாயிற்று. டிரான்ஸ்ஃபார்மரை ஒலிக்கம்பியின் நடுவே போட்டேன். ஒலி காந்தப்புலமாகத் தாண்டிவிடுகிறது, தரை தாண்டுவதில்லை. செருகியில் கைவைக்காமலேயே உறுமல் தீர்ந்தது. ஜூரோங் வெஸ்ட் வாசகர் இதைப் படிப்பார் என்று நம்புகிறேன்.

கணினியின் சொந்த ஸ்பீக்கரில் உள்ள உறுமல் இதனால் மாறவில்லை. அது வேறு.

18 மார்ச் 2018, இரவு 10.30

அந்த 'வேறு' என்னவென்று கடைசியில் தெரிந்துவிட்டது. ஓராண்டுக்கு மேல் தரைக்கம்பியைக் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மகள் தன் தொலைபேசியில், ஒலியை அதிர்வெண் வாரியாகக் கோடுகளாகக் காட்டும் செயலி ஒன்றை நிறுவிக் கொடுத்தாள். ஸ்பீக்கரின் முன் பிடித்தபோது 100, 200, 300 ஹெர்ட்ஸ் என்று சீப்பின் பற்களைப் போல் கோடுகள் நின்றன. 50-இல் ஒன்றும் இல்லை. இவ்வளவு சிறிய ஸ்பீக்கர் 50 ஹெர்ட்ஸைத் தெளிவாக ஒலிக்கவே முடியாது. ஆகவே 50 இல்லாதது ஒன்றையும் நிரூபிக்காது. ஆனால் 100-இன் மடங்குகள் மட்டும் இவ்வளவு ஒழுங்காக நிற்பது வேறு கதை சொல்கிறது. மின்னலையின் இரண்டு பாதிகளையும் நேர்திசைப்படுத்தும்போது வினாடிக்கு நூறு மேடுகள் உண்டாகின்றன. அந்த மேடுகளை நிரவ வேண்டிய மின்தேக்கிகள் வறண்டுபோனால், மேடுகள் அப்படியே கீழே இறங்கி ஆம்ப்ளிஃபையருக்குள் போய்விடும்.

எங்கள் புளோக்கில் நான்காம் மாடியில் ஒரு மலாய்ப் பெரியவர் இருக்கிறார். பாக்சிக் என்றுதான் எல்லோரும் அழைப்போம். முப்பது ஆண்டுகள் தொலைக்காட்சி பழுதுபார்த்தவர். மின்வழங்கிப் பலகையை நானே தொடத் துணியாததால் அவரிடம் கேட்டேன். சென்ற ஞாயிற்றுக்கிழமை காலையில் தம் கருவிப் பையோடு மேலே வந்தார். முதல் வேலையாக ஒரு பெரிய மின்தடையைக் காப்புக் கம்பியில் கட்டி, அந்த 325 வோல்ட் மின்தேக்கியை மெல்ல வடித்தார். மீட்டரில் சுழியம் பார்க்கும் வரை என்னை அருகில் விடவில்லை. பிறகு வெளியீட்டுப் பக்கம் இருந்த மின்தேக்கிகளில் மூன்றின் தலை புடைத்திருப்பதை விரலால் தடவிக் காட்டினார். அக்காலத்துப் பல பலகைகளில் தரம் குறைந்த மின்தேக்கிகள் இருந்தன என்றும், 2000-களில் அதற்காகவே எத்தனையோ பெட்டிகளைத் திறந்ததாகவும் சொன்னார்.

புடைக்காதவற்றையும் சேர்த்து ஐந்தை மாற்றினோம். எல்லாம் 105 டிகிரிக்கு உரியவை. 85 டிகிரி வகை மலிவு, ஆனால் குழல்விளக்கின் வெப்பத்துக்கு அருகில் அது தாங்காது. மின்தேக்கியின் ஆயுள், பத்து டிகிரி வெப்பம் குறைந்தால் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஆகவே கணினியின் பின்புறத் துளைகளில் பல ஆண்டுத் தூசியைத் துடைத்ததும் ஒரு பழுதுபார்ப்புதான் என்றார்.

இயக்கியபோது நான் ஸ்பீக்கர் செத்துவிட்டது என்று நினைத்தேன். அவ்வளவு அமைதி. ஒலி 96.8 தமிழ் வானொலியைப் போட்டார் மனைவி. செய்தி வாசிப்பவர் மூச்சு இழுப்பது கேட்டது. பாக்சிக் பணம் வாங்க மறுத்துவிட்டார். அடுத்த நாள் மனைவி இடியப்பம் செய்து அனுப்பினார்.

19 மார்ச் 2018, காலை 7.10

2016 நவம்பர் 12-ஆம் தேதி நான் எழுதிய முதல் குறிப்பை இன்று மீண்டும் படித்தேன். ஒலியளவைச் சுழியமாக்கியும் இரைச்சல் நிற்காவிட்டால் ஆம்ப்ளிஃபையரையோ அதன் மின்வழங்கியையோ பார்க்கச் சொல்லியிருக்கிறேன். என் உறுமல் அன்றே அப்படித்தான் நிற்காமல் இருந்தது. அந்தச் சோதனையை நண்பருக்குச் சொல்லிவிட்டு, விடையை என் கணினிக்குப் பொருத்திப் பார்க்கவில்லை.

30 செப்டம்பர் 2018, பிற்பகல் 2.00

இடது ஸ்பீக்கரில் கனத்த ஆண்குரல் வரும்போது மட்டும் ஒரு கரகரப்பு. இம்முறை மின்சாரத்தின் பக்கமே போகவில்லை. முன்வலையைக் கழற்றிப் பார்த்தேன். காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை விளிம்பு, தொட்டதும் ஈரமான பிஸ்கட்டைப் போல உதிர்ந்தது. ஈரப்பதமும் வயதும் சேர்ந்த வேலை. அதே விட்டமுள்ள ரப்பர் விளிம்பு வாங்கி, பழைய பசையை ஆல்கஹாலால் முழுவதுமாக நீக்கி ஒட்டினேன். ஒட்டும்போது கூம்பு சரிநடுவில் நிற்க வேண்டும்; விரலால் மெல்ல அழுத்தி விடும்போது உள்ளே உரசும் ஒலி கேட்டால், பசை காய்வதற்குள் நகர்த்திவிடுங்கள். இரவு முழுவதும் காயவிட்டேன்.

மின்தேக்கிகளின் அளவு கேட்ட தெம்பனிஸ் நண்பருக்கு: எங்களுடையதில் 16 வோல்ட்டுக்குரிய 2200 மைக்ரோஃபாரட் மூன்றும், 25 வோல்ட்டுக்குரிய 1000 மைக்ரோஃபாரட் இரண்டும். உங்கள் பலகையில் வேறாக இருக்கலாம். மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்து அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது கூடுதலான வோல்ட் என்று வாங்குங்கள், உயரம் மூடிக்குள் அடங்குமா என்பதையும் அளந்துகொள்ளுங்கள். எதிர்முனையைக் காட்டும் பட்டை எந்தப் பக்கம் இருந்தது என்று கழற்றும் முன்பே படமெடுத்து வையுங்கள். பாக்சிக் உங்களுக்கும் வந்து உதவத் தயாராக இருக்கிறார். ஞாயிறு காலை என்றால் அவருக்கு வசதி.